ஏழு தலைமுறைச் சொந்தம்

(தக்கலையில் ஒரு டிடிபி கடை. ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் சரித்திர நாவல் எழுதுகிறார். அவர் கையெழுத்து அவருக்கே விளங்காததால், கடை நடத்தும் மேரி மேசைமேல் மைக்கை வைத்துவிட்டார். பேசப் பேசக் கணினி தானே எழுதிக்கொள்ளும்.)

மேரி: மைக் ஆன் பண்ணியாச்சு சார். பைய, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க. இருமினால் அதையும் எழுத்தாக்கிவிடும்.

சார்: சரி மக்களே. "அத்தியாயம் ஒன்று. ஆண்டு 1131. பாரிஸ் மாநகர். பட்டத்து இளவரசன் பிலிப் குதிரையில் பறந்து வந்தான். அப்போது குறுக்கே பாய்ந்தது ஒரு..."

மேரி: புலியா?

சார்: பன்றி.

மேரி: சரித்திர நாவலில் பன்றியா சார்?

சார்: நடந்ததே அதுதான். பன்றி காலில் இடறி, குதிரை விழுந்து, இளவரசன் செத்துப்போனான். தம்பி லூயி தேவாலயப் பணிக்கென்று ஜெபமும் பாட்டுமாக வளர்ந்த பையன். அவனை இழுத்து வந்து வாரிசாக்கி, 1137இல் எலனோரைக் கட்டிவைத்தார்கள்.

மேரி: குருமடத்தில் இருந்த பையனுக்குப் பெண் பார்த்த கதை எங்கள் ஊரிலும் ஒன்று உண்டு. விளங்கவில்லை.

சார்: இதுவும் அப்படித்தான். "ராஜாவைக் கட்டினேன் என்று இருந்தேன், சாமியாரை அல்லவா கட்டியிருக்கிறேன்" என்று அவள் அலுத்துக்கொண்டதாக அந்த நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மேரி: பெண்ணுக்கு எந்த இடம்?

சார்: தென்மேற்கு பிரான்சில் அக்விடைன். அப்பா இறந்ததும் சீமை முழுக்க அவள் பெயரில். பிரெஞ்சு ராஜா நேரடியாக ஆண்ட நிலத்தைவிடப் பெரிது.

மேரி: அம்மோ! அவ்வளவு சீதனமா? லூயி அந்தப் பன்றிக்கு ஒரு குருசடி கட்டியிருக்கணும்.

சார்: அவனா? கல்யாணத்துக்கு அவள் தாத்தா காலத்துப் பளிங்குச் சாடி ஒன்றை ஆசையாகக் கொடுத்தாள். அதைத் தூக்கி மடத்துத் தலைவரிடம் கொடுத்துவிட்டான். அவர் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டார்.

மேரி: என் கல்யாணத்துக்கு ஏழு சுவர்க்கடிகாரம் வந்தது சார். ஆறு வெளியே போய்விட்டது. ஒன்று சுற்றிச் சுற்றி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது, அதே தாளோடு.

சார்: இது அப்படி மறைக்க முடியாது. "மணப்பெண் ராஜாவுக்குக் கொடுத்தாள், ராஜா எனக்குக் கொடுத்தார், நான் புனிதருக்குக் கொடுத்தேன்" என்கிற கணக்கில் சாடியிலேயே பொறித்துவிட்டார் அந்தத் தலைவர். இப்போதும் பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மேரி: பேர் வெட்டின பாத்திரமா! அதைப் போய் யாராவது அடுத்தவருக்குக் கொடுப்பார்களா? அப்புறம் எப்படி ஒரு வீட்டில் இருந்தார்கள்?

சார்: சிலுவைப் போருக்குச் சேர்ந்தே போனார்கள். அங்கே பெரிய பிணக்கு. 1149இல் திரும்பும்போது அவன் ஒரு கப்பல், அவள் ஒரு கப்பல்.

மேரி: வசதி இருக்கிறது, கப்பல் பிடிக்கிறார்கள். நாங்கள் பிணங்கினால் நாகர்கோவிலிலிருந்து ஒரே பஸ்தான். நான் முன்வாசல், அவர் பின்வாசல். டிக்கெட் மட்டும் அவர்தான் எடுக்கணும்.

சார்: வழியில் போப்பாண்டவர் மூன்றாம் யூஜினியஸ் இருவரையும் பிடித்து உட்காரவைத்துப் பேசினார். "நாங்கள் சொந்தக்காரர்கள், இந்தக் கல்யாணமே செல்லாது" என்று பேச்சு வந்தது. அந்தப் பேச்சையே இனி எடுக்கக்கூடாது என்று தடை போட்டு, தன்னிடமிருந்த விலையுயர்ந்த திரைகளை எல்லாம் தொங்கவிட்டு ஒரே கட்டிலில் படுக்கவைத்தார்.

மேரி: போப்பாண்டவரா? கட்டிலா? எங்கள் பங்குச்சாமி பிரசங்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார், புண்ணியவான். பலித்ததா?

சார்: ஒரு பிள்ளை பிறந்தது. ஏற்கெனவே ஒரு பெண். இதுவும் பெண்.

மேரி: ஓ... இப்போது விளங்குகிறது கதை.

சார்: பதினைந்து வருஷம், ஆண் வாரிசு இல்லை. நம் திருவிதாங்கூர் ராஜாக்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. மருமக்கள் வழி. பட்டம் சகோதரி மகனுக்குத்தான்.

மேரி: அப்போ அவளை இங்கே பத்மநாபபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கலாம்.

சார்: இங்கே ராஜாவின் மனைவிக்கு ராணிப் பட்டமே கிடையாது மக்களே. அம்மச்சி, அவ்வளவுதான். ராணி என்றால் ராஜாவின் சகோதரி வழி.

மேரி: எந்தப் பக்கம் நடந்தாலும் நமக்கென்று ஒரு குழி வெட்டி வைத்திருப்பார்கள்! சரி, இவளை எப்படி விலக்கினார்கள்?

சார்: 1152 மார்ச்சில் சபை கூடியது. போப்பாண்டவர் பேசக்கூடாது என்றாரே, அதே சொந்தத்தைச் சொல்லி கல்யாணம் செல்லாது என்று தீர்த்துவிட்டார்கள். நாலைந்து தலைமுறைக்கு முன்னால் இரண்டு பேருக்கும் ஒரே பாட்டன். அந்தக் காலத்தில் ஏழு தலைமுறைக்குள் கட்டக்கூடாது.

மேரி: ஏழா? விளவங்கோடு, கல்குளம் இரண்டு தாலுகாவிலும் ஒரு கல்யாணம் நடந்திருக்காதே! நானே ஆயரிடம் அனுமதி வாங்கி அத்தை மகனைக் கட்டினவள். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தபோதே இதைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே?

சார்: ஓலை வாசிப்பு சபை முழுக்கக் கட்டாயமானது 1215இல், ரோமில் கூடிய திருச்சபைச் சங்கத்தில். ஏழு தலைமுறையை நாலாகக் குறைத்ததும் அதே சங்கத்தில்தான். இவள் 1204லேயே போய்விட்டாள்.

மேரி: பதினைந்து வருஷம் தெரியாத பாட்டன் திடீரென்று எங்கிருந்து வந்தான்?

சார்: தேவைப்பட்டான், வந்தான். இதைக் கேள். எட்டே வாரம். மே 18ஆம் தேதி ஹென்றியைக் கட்டிக்கொண்டாள். இரண்டே வருஷத்தில் அவன் இங்கிலாந்து ராஜா. அவன் லூயியைவிட நெருங்கின சொந்தம்!

மேரி: (கைதட்டி) சபாஷ்! சீதனம்?

சார்: அக்விடைன் முழுக்க அவளோடு போயிற்று. அங்கே ஐந்து ஆண் பிள்ளை, மூன்று பெண்.

மேரி: லூயி சோறு தின்றிருப்பானா? பிறகாவது நன்றாக இருந்தாளா?

சார்: மகன்களோடு சேர்ந்து எதிர்த்தாள் என்று ஹென்றி அவளைப் பதினைந்து வருஷத்துக்கு மேல் சிறையில் வைத்தான். அது இரண்டாம் பாகம்.

(மேரியின் போன் அடிக்கிறது.)

மேரி: என்ன அத்தான்? மறந்துபோச்சா? மீன் வாங்கணும் என்று காலையில் மூன்று தடவை சொன்னேனே. இங்கே பாருங்க, நாம் சொந்தக்காரர்கள், ஏழு தலைமுறை என்று ஒரு சட்டம் இருந்திருக்கிறது, ராஜாவையே விலக்கியிருக்கிறார்கள். சாளை வாங்காமல் வீட்டுக்கு வரவேண்டாம்.

சார்: மக்களே, மைக்...

மேரி: ஐயோ! (திரையைப் பார்த்து) சார், பன்றிக்குப் பிறகு நாம் பேசினது அத்தனையும் ஏறியிருக்கிறது. கடைசி வரி, "சாளை வாங்காமல் வீட்டுக்கு வரவேண்டாம்." அழித்துவிடுகிறேன் சார்.

சார்: இரு, இரு. அந்த ஊர்க் கடலிலும் சாளை உண்டு. "என்றாள் எலனோர்" என்று மட்டும் சேர்த்துக்கொள்.