பால் பல்லைக்கூடப் பத்திரமாக எடுத்து வைத்தவர்கள்

குழந்தைக்கு எது வந்தாலும் "பரம்பரையா, வளர்ப்பா?" என்று கேட்கிறோம். அப்புறம் பதில் வரும் முன்பே அம்மாவின் தலையில் பழியைப் போட்டுவிடுகிறோம். மாசமாக இருக்கும்போது எதைத் தின்றாளோ! இந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்கு பிரிஸ்டல் ஆய்வு ஞாபகம் வரும்.

1991 ஏப்ரல் முதல் 1992 டிசம்பர் வரை பிரசவத் தேதி குறித்திருந்த, இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரப் பெண்கள் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஜீன் கோல்டிங் என்ற ஆய்வாளரின் குழு ஆய்வில் சேர்த்தது. ஆய்வுக்கு அல்ஸ்பாக் என்று பெயர். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளையும் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். கேள்வித்தாள்கள், ரத்தம், நஞ்சுக்கொடி, விழுந்த பால் பல் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார்கள். அதில் பாதி எதற்கு உதவும் என்று அன்று யாருக்கும் தெரியாது. மனித மரபணுத் தொகுதியையே அப்போது படித்து முடிக்கவில்லை.

2003இல் வேர்க்கடலை ஒவ்வாமை பற்றி இதே பிள்ளைகளிடமிருந்து ஒரு முடிவு வந்தது. கர்ப்பத்தில் அம்மா கடலை சாப்பிட்டதற்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. தொடர்பு தெரிந்தது, தடிப்பு வந்த தோலில் தடவிய, கடலை எண்ணெய் கலந்த க்ரீமோடு! நோய் வந்த பிறகு போய் "அப்போ என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால், குற்ற உணர்ச்சியில் தவிக்கும் அம்மா எதையாவது தேடிப்பிடித்துச் சொல்லத்தான் செய்வாள். அதனால்தான் முன்கூட்டியே எழுதி வாங்கிய பதிலுக்கு இவ்வளவு மதிப்பு.

மரபணு விஷயமும் அப்படித்தான். எஃப்டிஓ என்ற மரபணுவின் ஒரு வகைக்கும் உடல் பருமனுக்கும் உள்ள தொடர்பை 2007இல் கண்டுபிடித்தபோது இந்தப் பிள்ளைகளின் எடைக் கணக்கும் கைகொடுத்தது. அந்த வகை உள்ள பிள்ளைகளுக்கும் இல்லாதவர்களுக்கும் பிறந்தபோது எடையில் வித்தியாசம் இல்லை, ஏழு வயதிலிருந்துதான் தெரிகிறது. பிறவியிலேயே இருக்கும் மரபணுதான், ஆனால் அதன் வேலை வெளியே தெரிய வருஷங்கள் ஆகின்றன. ஒரே ஒரு நாள் எடை பார்த்தால் இது பிடிபடுமா?

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நடுவில் விலகிப்போகிறவர்களில் வசதி குறைந்த குடும்பங்களே அதிகம், அது முடிவுகளைக் கொஞ்சம் சாய்த்துவிடும். ஆனால் எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். ஒரு லட்சம் குழந்தைகளைப் பிறப்புக்கு முன்பிருந்து 21 வயது வரை தொடர்வோம் என்று அமெரிக்கா திட்டம் போட்டது. நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்து, வடிவமைப்பை மாற்றி மாற்றி, முன்னோட்டத்தைத் தாண்டாமலே 2014 டிசம்பரில் மூடிவிட்டார்கள். பிரிஸ்டலிலோ, அன்று வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்குப் பிறந்த குழந்தைகளையும் இப்போது ஆய்வில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.