யானையே வராத யானைப் படம்

தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பசங்க சேர்ந்து எடுத்த காமெடிப் படத்தை போன வாரம் கிருஷ்ணகிரியில ஒரு கல்யாண மண்டபத்துல போட்டாங்க. ஊர்ப் பெரிய மனுஷன் வீட்டு மாடுங்க ஒரு ஏழையோட கேழ்வரகுக் கொல்லையில இறங்கி மொத்தமா மேய்ஞ்சிடுது. அவர்கிட்ட போய்க் கேட்க யாருக்கும் தைரியம் இல்ல. சரி, யானை தின்னுடுச்சுன்னு சொல்லி வனத்துறையில இழப்பீடு வாங்கிடலாம்னு கிளம்புறாங்க. அவ்வளவுதான் கதை.

வெளியூர்க்காரங்களுக்காக ஒரு விஷயம். எங்க பக்கம் ராகி முத்துற நேரம் பார்த்து வருஷா வருஷம் கர்நாடகாவுல இருக்கிற பன்னேர்கட்டா காட்டுல இருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி வழியா இறங்கும். தேன்கனிக்கோட்டை, சானமாவுன்னு பரவும். ராத்திரி பூரா பரண்ல பட்டாசோட காவல் கிடப்பாங்க. உயிரும் போயிருக்கு. இதை வெச்சு சிரிக்கிறது கத்தி மேல நடக்கிற வேலை. பசங்க வழுக்கல. ஏன்னா படம் விவசாயியைப் பார்த்துச் சிரிக்கல, அவன் நிரூபிக்க வேண்டியிருக்கிற காகிதத்தைப் பார்த்துத்தான் சிரிக்குது.

யானைக் கால்தடம் போடுற காட்சி ஒண்ணு போதும். ஒரு உரலைத் தூக்கிட்டு வந்து அதோட அடியை ஈர மண்ணுல அமுக்கி அமுக்கி எடுக்கிறாங்க. யானை லத்தி, அதான் சாணி, வேணுமே? டிவிஎஸ் எக்ஸ்எல்ல சானமாவு வரைக்கும் போய் சாக்குல கட்டிக்கிட்டு வர்றாங்க. வழியில போலீஸ் மறிச்சு சாக்கைப் பிரிக்கச் சொல்லுது. அந்த ஏட்டோட மூஞ்சி! மறுநாள் வந்த வனக்காப்பாளர் ரொம்ப நேரம் குனிஞ்சு பார்த்துட்டு, "எல்லாத் தடமும் ஒரே கால் மாதிரி இருக்கே"ங்கிறார். "நொண்டி யானைங்க சார்." மண்டபமே அதிர்ந்துச்சு.

படம் முழுக்க யானை வரவே வராது. வர வைக்கவும் முடியாது. விலங்கை நடிக்க வைக்கணும்னா 2001-ல வந்த விதிப்படி விலங்குகள் நல வாரியத்துல அனுமதி வாங்கணும், கிராஃபிக்ஸுக்கோ காசு இல்ல. அந்த இல்லாமையையே கதையாக்கினதுதான் இவங்க சாமர்த்தியம். கைல கோடி இருந்திருந்தா ஒரு யானையைக் காட்டிப் படத்தைக் கெடுத்திருப்பாங்க.

வனக்காப்பாளரா வர்றவரு கூத்துக்காரர். பாரதக் கூத்துல கட்டியங்காரன் வேஷம் கட்டுறவராம். ராஜாவையும் கிண்டல் பண்ணி, முன்வரிசையில உட்கார்ந்திருக்கிற தர்மகர்த்தாவையும் பேர் சொல்லி வாருற ஆளுக்கு டைமிங்கைப் புதுசா யாரும் சொல்லித் தரணுமா? கர்நாடகா யானைக்குத் தமிழ் புரியாதுன்னு கன்னடம் பேசுற மச்சானைக் கூட்டிட்டு வந்து கத்தி விரட்டச் சொல்ற யோசனை அவரோடதாத்தான் இருக்கணும். மூணு மொழி புழங்குற இந்தப் பக்கத்துக்காரனுக்குத்தான் அந்த வசனம் தோணும்.

மகாராஷ்டிராவுல மாலேகான்னு ஒரு விசைத்தறி ஊர். அங்க வீடியோ பார்லர் நடத்தின ஷேக் நாசிர் உள்ளூர்க்காரங்களை வெச்சு பம்பாய்ப் படங்களையே கிண்டலா திருப்பி எடுத்தார். 2008-ல அதைப் பத்தி ஆவணப்படம் வந்து உலகமே பார்த்துச்சு. எனக்கும் பிடிக்கும். ஆனா நம்ம பசங்களுக்கு இன்னொரு படத்தைக் கிண்டல் பண்ற தேவையே வரல, ஊர்லயே சரக்கு கொட்டிக் கிடக்கு. நம்ம குறும்படக்காரங்க பலபேர் இன்னும் மதுரைப் பேச்சும் அரிவாளுமா எடுத்துக்கிட்டு இருக்கிறதைப் பார்த்தாத்தான் எரிச்சல் வருது.

குறை இல்லாம இல்ல. பொம்பளைங்க டீ கொண்டு வர்றதுக்கு மட்டும்தான் வர்றாங்க. கடைசிப் பத்து நிமிஷம் ட்ரோனை மேல ஏத்தி, சோக வயலினைப் போட்டு, காட்டைக் காப்போம்னு பாடம் நடத்துறாங்க. அதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டே புரிஞ்சுக்கிட்டவனுக்கு எதுக்குப்பா திரும்பவும் வகுப்பு? வெட்டித் தூக்குங்க. சத்தமும் மோசம். காத்து அடிச்சா பாதி வசனம் காத்தோட போயிடுது, நல்ல ஜோக் ரெண்டு மூணு அதுலயே காலி.

அடுத்த படத்துக்கு சென்னையில இருந்து பேர் தெரிஞ்ச காமெடி நடிகர் ஒருத்தரைக் கூட்டி வரலாம்னு பேசிக்கிறாங்களாம். தம்பிகளா, அந்தக் காசுல நல்லதா ரெண்டு மைக் வாங்குங்க.