ஏஐ இலவசம், ரேம் விலை மூன்று மடங்கு

போன வாரம் சாயங்காலம் கடைக்கு ஒரு பிள்ளை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தது. பாளையங்கோட்டையில் பி.காம் இரண்டாம் வருடம். அசைன்மென்ட் பிரிண்ட் எடுக்க அடிக்கடி வரும், முகம் தெரியும். "அண்ணா, டேலியும் பிரௌசரும் சேர்த்துத் திறந்தா அப்படியே நின்னுடுது, பாருங்கண்ணா" என்றது. திறந்து பார்த்தேன். 4 ஜிபி ரேம், அதாவது திறக்கிற புரோகிராம்கள் எல்லாம் உட்காருகிற மெமரி அவ்வளவுதான். ஒன்றும் திறக்காமலேயே டாஸ்க் மேனேஜரில் மெமரி 80 சதவீதத்துக்கு மேல் காட்டுகிறது. வைரஸ் இல்லை, போர்டில் கோளாறு இல்லை, இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நெல்லையில் பன்னிரண்டு வருடமாக டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், கூடவே சின்ன அளவில் லேப்டாப் சர்வீஸ். இந்த வேலையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது ரேம் போடுவதுதான். பின்பக்கம் பத்து ஸ்க்ரூ, ஓரத்தில் பழைய ஏடிஎம் கார்டை நுழைத்து மெதுவாக நெம்பினால் மூடி கழன்று வந்துவிடும். உள்ளே இருக்கும் ரேமைக் கழற்றி, தங்க நிறக் கோடுகள் கறுத்திருந்தால் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து, தூசியை ஊதிவிட்டு, சாய்வாகச் செருகி அமுக்க வேண்டும், இரண்டு பக்கக் கொக்கியும் டக் என்று பிடிக்கும். பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு அதே லேப்டாப் இன்னும் மூன்று, நான்கு வருடம் ஓடும். பிள்ளைகள் ஆன் செய்து பார்த்துவிட்டு "அண்ணா, புதுசு மாதிரி இருக்குண்ணா" என்று சொல்வதைக் கேட்பதற்காகவே அந்த வேலையைச் செய்யலாம்.

இந்த லேப்டாப்பிலும் ரேம் செருகும் ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தது. சந்தோஷமாகிவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் நான் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் கடைக்குப் போன் போட்டேன். 2025 ஜூனில் அதே கடையில் 8 ஜிபி டிடிஆர்4 வகை லேப்டாப் ரேம் 1,700 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன், பில் இருக்கிறது. இந்த முறை 5,600 என்றார்கள். "அண்ணே, இது இன்னைக்கு ரேட்டு. நாளைக்குக் கேட்டீங்கன்னா வேற சொல்லுவோம்." தங்கம் விற்கிற கடையில் பேசுவது மாதிரி இருந்தது.

அந்தப் பிள்ளையின் அம்மா பீடி சுற்றுகிறவர். விலையைச் சொன்னதும் அது ஒன்றும் பேசவில்லை. 5,600 ரூபாய்க்கு அம்மா எத்தனை நாள் உட்கார வேண்டும் என்று கணக்குப் போட்டது முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் "அண்ணா, அப்போ போன்லயே பார்த்துக்கிறேன், போன்ல ஜெமினி புரோ ஃப்ரீயாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைப் பையில் வைக்கப் போனது.

நான் இதை எழுதுவதே அந்த வாக்கியத்தால்தான்.

2025 ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்ஸிட்டி புரோ என்ற ஏஐ சந்தா ஒரு வருடம் இலவசம் என்றது, மதிப்பு 17,000 ரூபாய் என்று சொன்னார்கள். அக்டோபர் கடைசியில் ஜியோவும் கூகுளும் சேர்ந்து ஜெமினி புரோ 18 மாதம் இலவசம் என்றன, மதிப்பு 35,100 ரூபாய். நவம்பர் 4 முதல் சாட்ஜிபிடி கோ இந்தியா முழுக்க ஒரு வருடம் இலவசம் என்று சாட்ஜிபிடி செய்கிற ஓபன்ஏஐ சொன்னது. ஏர்டெல், ஜியோ இரண்டு சிம்மும் வைத்திருந்த ஒருவர் அப்போது இந்த மூன்றையும் வாங்கியிருக்கலாம். அதாவது பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளையின் போனில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சந்தா சும்மா கிடக்கிறது, அதே பிள்ளையின் லேப்டாப்பில் விரல் நீளத்துக்கு ஒரு ரேம் போடக் காசில்லை. இது ஏதோ தற்செயலாக நடந்தது இல்லை. இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கம்.

உலகத்தில் ரேமுக்கான டிராம் சிப்பில் பெரும்பகுதியைச் செய்வது மூன்றே கம்பெனிகள்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ ஓடுகிற டேட்டா சென்டர்களுக்கு எச்பிஎம் என்று ஒரு வகை மெமரி வேண்டும். டிராம் சிப்புகளை மாடி வீடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்வது. ஏஐ ஓட்டுவதற்கு என்விடியா செய்யும் எச்100 கார்டு ஒன்றில் 80 ஜிபி இருக்கிறது, அடுத்து வந்த எச்200-ல் 141 ஜிபி. அதோடு, அதே அளவு சாதாரண டிடிஆர்5 மெமரிக்குத் தேவைப்படும் வேஃபரைப் போல எச்பிஎம்முக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு வேஃபர் செலவாகிறது என்று மைக்ரானே சொல்லியிருக்கிறது. வேஃபர் என்றால் தோசைக்கல் அளவில் இருக்கும் சிலிக்கான் வட்டு, அதில்தான் சிப்பை உருவாக்குவார்கள். இருக்கிற வட்டு அவ்வளவுதான், அதில் லாபம் அதிகம் எதிலோ அதற்குத்தான் போகும். 2025 அக்டோபர் 1 அன்று ஓபன்ஏஐ ஸ்டார்கேட் என்ற தன் டேட்டா சென்டர் திட்டத்துக்காகச் சாம்சங்கோடும் எஸ்கே ஹைனிக்ஸோடும் கையெழுத்துப் போட்டபோது சொல்லப்பட்ட இலக்கு மாதம் 9 லட்சம் வேஃபர். டிசம்பர் 3 அன்று மைக்ரான், தன்னுடைய குரூஷியல் பிராண்டை நிறுத்துவதாக அறிவித்தது. 29 வருடமாக நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்கிப் போட்ட ரேம், எஸ்எஸ்டி அது. 2026 பிப்ரவரி வரைதான் சப்ளை என்றார்கள். நான் கை வைத்த லேப்டாப்புகளில் பாதிக்கு மேல் அந்தப் பெயர்தான் இருக்கும்.

2011 கடைசியில் தாய்லாந்து வெள்ளத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஆலை மூழ்கி ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அது வெள்ளம். தண்ணீர் வடிந்தது, ஆலை ஓடியது, விலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இப்போது எந்த ஆலையும் மூழ்கவில்லை. ஆலைகள் முழு வேகத்தில் ஓடுகின்றன, ஆனால் நமக்காக ஓடவில்லை. புது ஆலை கட்டிச் சரக்கு வெளியே வர வருடக்கணக்காகும். குஜராத் சானந்தில் மைக்ரான் போட்டிருக்கிறதே என்று கேட்கிறார்கள், அது சிப்பை வெட்டி, பேக் செய்து, சோதிக்கிற ஆலை. வேஃபர் அங்கே செய்வதில்லை.

கம்பெனிகள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2023-ல் மெமரி விலை படுத்தபோது இந்த மூன்று பேருக்குமே சிப் தொழிலில் பெரிய நஷ்டம். அப்போது நாம் 8 ஜிபி ரேமை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போட்டோம், யாரும் அவர்களுக்காக வருத்தப்படவில்லை. லாபம் வரும் பக்கம் அவர்கள் திரும்புவதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் திருப்பத்தின் செலவைத் திருநெல்வேலியில் ஒரு காலேஜ் பிள்ளை கட்டுகிறது, கையில் இலவசச் சந்தாவைக் கொடுத்து அது தெரியாதபடி செய்திருக்கிறார்கள். அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஏஐ வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். கடையில் தினமும் உபயோகிக்கிறேன். பேங்கிலிருந்து வந்த இங்கிலீஷ் கடிதத்தை எடுத்துக்கொண்டு வயசான ஆட்கள் வருவார்கள், போட்டோ எடுத்துப் போட்டால் தமிழில் என்ன விஷயம் என்று வந்துவிடும், நான் ஒருமுறை சரிபார்த்துப் படித்துச் சொல்வேன். முன்பெல்லாம் அந்த வேலைக்கு ஒருவரைத் தேடிப் போவார்கள். தமிழுக்கு இந்த வசதி வந்ததே பெரிய விஷயம். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓபன்ஏஐ ஒரு உதாரணம் காட்டியிருந்தது: முன்பு 116 டோக்கன் (ஏஐ எழுத்தை உடைத்துப் படிக்கிற துண்டு) பிடித்த ஒரு தமிழ் வாசகம் இப்போது 35 டோக்கனில் அடங்குகிறது என்று. டோக்கன் குறைந்தால் வேகமும் கூடும், செலவும் குறையும். அதுவரை அதே விஷயத்தைத் தமிழில் கேட்க மூன்று மடங்குக்கு மேல் டோக்கன் செலவானது. இப்படிப்பட்ட முன்னேற்றம் எல்லாம் எனக்கு மனதார சந்தோஷம்.

ஆனால் சந்தா வேறு, சொந்த மெஷின் வேறு. சாட்ஜிபிடி கோவின் அந்த ஒரு வருடம், முதல் நாளே வாங்கியவர்களுக்கு 2026 நவம்பரில் முடிகிறது. ஜியோ கொடுத்த 18 மாதமும் ஒருநாள் முடியும். அதற்குப் பிறகு காசு கட்டு என்றால் கட்ட வேண்டும், இல்லையென்றால் போய்விடும். ரேம் அப்படி இல்லை. ஒருமுறை போட்டால் அது அந்தப் பிள்ளையுடையது, நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும், ரீசார்ஜ் தீர்ந்தாலும் வேலை செய்யும். டேலி பழகுவதும் எக்செல்லில் நாற்பது நெடுவரிசை போட்டுப் பார்ப்பதும் கோடிங் எழுதித் தப்பு வந்து திருத்துவதும் ஆறு அங்குலப் போனில் நடக்காது. போனில் கேள்வி கேட்டு விடை வாங்கலாம். இன்டர்வியூவில் லேப்டாப்பைத் தள்ளி "செஞ்சு காட்டு" என்று சொல்லும்போது கை பழகியிருக்க வேண்டுமே.

இதில் இன்னொரு அநியாயம், ரேமை போர்டோடு சால்டர் செய்து விற்பது. போன தீபாவளிக்கு ஒருவர் மகனுக்கு 34,000 ரூபாய்க்குப் புது லேப்டாப் வாங்கினார், எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. மூன்றாம் மாதமே ஸ்லோ என்று கொண்டுவந்தார். திறந்தால் ஸ்லாட்டே இல்லை. 8 ஜிபி போர்டில் ஒட்டியிருக்கிறது, அதுதான் ஆயுசுக்கும். கறுப்புச் சதுரமாக நான்கு சிப், பக்கத்தில் ஸ்லாட் வர வேண்டிய இடம் வெறும் பச்சையாக இருக்கிறது. கடைக்காரர் சொல்லவில்லையா என்றேன். "ஏஐ லேப்டாப்னு சொன்னாங்க தம்பி" என்றார். மைக்ரோசாப்ட் 2024-ல் ஏஐ லேப்டாப்புகளுக்குக் கோபைலட்+ என்று பெயர் வைப்பதற்கு 16 ஜிபி ரேம் குறைந்தபட்சம் என்று விதி போட்டது. ஆப்பிளும் அதே வருடம் அக்டோபரில் மேக்குகளில் 8-ஐ விட்டுவிட்டு 16-லிருந்து ஆரம்பித்தது. ஏஐ வசதிக்கு 16 வேண்டும் என்று பெரிய கம்பெனிகளே சொல்கின்றன, மெமரி டேட்டா சென்டருக்குப் போகிறது, மிச்சத்தை 8 ஆக ஒட்டி நம்மிடம் விற்கிறார்கள்.

போதாததற்கு 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10 ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். ஏழாம் தலைமுறை ஐ5 வைத்திருப்பவர்கள் நல்ல மெஷினைத் தூக்கிப் போட வேண்டுமா என்று கேட்டு வருகிறார்கள். வேண்டாம், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் போட்டுத் தருகிறேன், அதில் பிரௌசரும் லிப்ரே ஆபிஸும் அருமையாக ஓடும். டேலி வேண்டும் என்றால் மட்டும் கஷ்டம்.

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம் நம் மாநிலத்தில் எத்தனை வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்தது என்பதை இந்தக் கடையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அந்தப் பழைய லேப்டாப்புகள் இன்னும் சர்வீசுக்கு வருகின்றன. 2026 ஜனவரியில் காலேஜ் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, கூடவே ஆறு மாதம் பெர்ப்ளெக்ஸிட்டி புரோ. நல்ல விஷயம், சந்தேகமே இல்லை. அடுத்த டெண்டரில் ஒரே ஒரு வரி சேருங்கள்: ரேம் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும், ஒரு ஸ்லாட் காலியாக இருக்க வேண்டும். சந்தா ஆறு மாதத்தில் போய்விடும், காலி ஸ்லாட் இருந்தால் விலை இறங்குகிற அன்று அந்தப் பிள்ளையே வாங்கிப் போட்டுக்கொள்ளும்.

சரி, அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று கேட்பீர்கள். பையை மூடவிடவில்லை. டிஸ்ப்ளே உடைந்து, போர்டும் போய், வாங்கியவர் வேண்டாம் என்று விட்டுப்போன ஒரு லேப்டாப் என் அலமாரியில் ஒரு வருடமாகக் கிடந்தது. திறந்து பார்த்தேன், 4 ஜிபி டிடிஆர்4 ஒன்று உள்ளே இருந்தது. கழற்றி, ரப்பரால் தேய்த்து, அந்தக் காலி ஸ்லாட்டில் போட்டேன். மொத்தம் 8. டேலி, பிரௌசர், வேர்டு மூன்றும் சேர்ந்து திறந்தது. 200 ரூபாய் கொடுத்தது, வாங்கிக்கொண்டேன், சும்மா கொடுத்தால் அடுத்த முறை வரக் கூச்சப்படும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் செத்த லேப்டாப் ஒன்று இருக்கும். பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் போட்டுவிடாதீர்கள். 2017, 2018-க்குப் பிறகு வாங்கியது என்றால் பெரும்பாலும் உள்ளே டிடிஆர்4 இருக்கும், இன்றைக்கு அதற்கு மதிப்பு இருக்கிறது. கழற்றத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கிற சர்வீஸ் கடையில் கொடுங்கள், பத்து நிமிடம். நெல்லைப் பக்கம் இருப்பவர்கள் என் கடைக்கே கொண்டுவரலாம், 4 ஜிபி இருந்தாலும் போதும். இன்னும் மூன்று பிள்ளைகள் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.