விளையாட்டுச் சான்றிதழ் பறப்பு மணிநேரத்துக்கு ஈடாகாது

சதுரங்கமும் இறகுப்பந்தும் ஆடுபவர்களுக்கு விமானிக்குரிய சூழல் உணர்வு தானாகவே வந்துவிடுவதால், பறப்பு மணிநேரத்தில் அவர்களுக்குச் சலுகை உண்டு என்று கோவை, ஈரோடு பெற்றோர் குழுக்களில் பரவும் செய்தி தவறானது. வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தது 200 மணிநேரப் பறப்பு தேவை. விளையாட்டுக்காக அதில் கழிவு ஏதும் இல்லை என்பதைச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

சூழல் உணர்வு என்பது சுற்றி நடப்பதைக் கவனித்து, அதன் பொருளறிந்து, அடுத்து வருவதை முன்கணிப்பது. 1972-இல் ஃப்ளோரிடாவில், எரியாத ஒரு சிறு விளக்கிலேயே கவனம் மூழ்கிய அனுபவமிக்க விமானிகள் உயரம் குறைவதை உணராததால், விமானம் சதுப்பு நிலத்தில் விழுந்தது. இத்தகைய கவனப் பிழையைத் தவிர்க்க, விமானி அறையில் பணிகளைப் பகிர்ந்துகொள்ளும் பயிற்சியே உதவுகிறது.

விளையாட்டு உடலுக்கு நல்லது, பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். ஆனால் நிலத்தை அடகு வைத்துப் பயிற்சிக்கு அனுப்பும் குடும்பங்கள் ஏமாறக்கூடும் என்பதால், இச்செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.