ஏழாம் நம்பருக்கு மூன்றை ஏற்றலாமா?

நண்பர் ஒருவரின் பதிவில் நேற்று பெரிய சண்டை. கொரோனா காலத்தில் அமெரிக்க அரசுக்கு ஆலோசனை சொன்ன டாக்டர் ஆண்டனி ஃபவுச்சி நல்லவரா, கெட்டவரா என்று. ஒரு பக்கம் அவரைக் கும்பிடுகிறார்கள், இன்னொரு பக்கம் ஜெயிலில் போடு என்கிறார்கள். 2025 ஜனவரி 20 அன்று, பதவி முடிகிற நாளில், அதிபர் பைடன் அவருக்கு, வழக்கு எதுவும் வருவதற்கு முன்பே, மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வெறுப்பு அந்த அளவுக்கு முற்றியிருந்தது.

அவர் பேச்சை மாற்றினார் என்று திட்டுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. 2020 மார்ச்சில் ஒரு டிவி பேட்டியில் மாஸ்க் போட்டுக்கொண்டு திரிய வேண்டியதில்லை என்றார். ஏப்ரல் முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் துணி கட்டச் சொல்லிவிட்டார்கள், இங்கேயும் சொன்னார்கள். புது நோய், தெரியத் தெரியத்தான் சொல்ல முடியும்.

பாம்பன்காரிக்கு இது புரியாதா? அதே 2020 டிசம்பரில் புரெவி புயல் வந்தது. பாம்பனைக் கடக்கும் என்றார்கள். படகுகளை இழுத்துக் கட்டினோம், ராத்திரியெல்லாம் முழித்திருந்தோம். அது மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து நின்றுவிட்டது. வானிலைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று ஒருத்தரும் பேசவில்லை. காற்று மாறும் என்பது கடலுக்குப் போகிற வீட்டில் குழந்தைக்கும் தெரியும்.

என் கோபம் வேறு. எத்தனை பேருக்கு எதிர்ப்பு சக்தி வந்தால் நோய் அடங்கும் என்ற கணக்கை ஃபவுச்சி முதலில் 60, 70 சதவீதம் என்றார். பிறகு 75, அப்புறம் 80, 85 என்று ஏற்றிக்கொண்டே போனார். ஏன் என்று அந்த டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் கேட்டபோது, புதிதாகத் தெரிந்தது பாதி, மக்கள் இதைக் கேட்கத் தயாராகிவிட்டார்கள் என்று தோன்றியது பாதி என்கிற மாதிரி ஒத்துக்கொண்டார். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பாம்பன் துறைமுகத்தில் ஏழாம் நம்பர் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்ற வேண்டிய நாளில், சனம் பயந்துவிடும் என்று மூன்றை ஏற்றினால் சும்மா விடுவோமா? அதற்கப்புறம் எந்த நம்பரை ஏற்றினாலும் யார் நம்புவார்கள்?

மாஸ்க் விஷயத்திலும் அப்படித்தான். தேவைப்படுகிறவர்களுக்குத் தட்டுப்பாடு வரும் என்று அந்த மார்ச் பேட்டியிலேயே சொன்னார், ஆனால் பேச்சோடு பேச்சாக. 'இருப்பு பத்தாது, முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொடுப்போம்' என்று அதை முன்னால் வைத்திருந்தால் மக்கள் கேட்டிருப்பார்கள்.

இதே மனிதர்தான் எய்ட்ஸ் காலத்தில் வேறு மாதிரி இருந்தார். 1988ல் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடிய எழுத்தாளர் லாரி கிராமர் அவரைக் கொலைகாரர் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். ஃபவுச்சி அந்தப் போராட்டக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார், மருந்துப் பரிசோதனைகளில் அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று ஏற்றார். பிற்பாடு இருவரும் நண்பர்களாகவே ஆனார்கள். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். அதனால்தான் 2020 இன்னும் வலிக்கிறது.

நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள், 2021 ஏப்ரல் 17ல், இறந்தார். ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஆய்வுக் குழு பிறகு சொன்னது. அன்றைக்கு எங்கள் தெருவில் அதை யார் கேட்பது? அம்மா பாசி எடுக்கப் போகிறவள். பாறை கிழிக்காமல் இருக்க பழைய வேட்டியைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொள்வாள். கரையேறி வந்தவளிடம் ஊசி பற்றிப் பேசினேன். "ஏத்தா, துணி கட்ட வேண்டாம்னாங்க, அப்புறம் கட்டுன்னாங்க. நாளைக்கு இதையும் மாத்திச் சொன்னா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

பதில் சொன்னது முகாமுக்கு வந்த நர்சம்மா. "காய்ச்சல் வரும்மா, கையைத் தூக்க முடியாது, ரெண்டு நாள் கடலுக்குப் போகாதீங்க. போட்டாலும் நோவு வரலாம், ஆனா உசுருக்கு மோசமாகுறது குறையும். எத்தனை மாசம் தாங்கும்னு எனக்கே தெரியாது."

அம்மா விரலில் சுற்றிய ஈரத்துணியை அவிழ்க்காமலே கையை நீட்டினாள். அன்று ராத்திரியே காய்ச்சல் அடித்தது. சொன்னபடி வந்ததால் வீட்டில் யாரும் பயப்படவில்லை. அந்த வாரமே மதினியும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் போய்ப் போட்டுக்கொண்டார்கள்.