கெட்டி ஆயில் ஊத்துனா ஜீப் ஆயில் குடிக்கிறது நின்னுடுமா? இல்லப்பா

போடி, கம்பம் பக்கம் ஜீப் ஓட்டுறவங்க வாட்ஸப்ல ஒரு ஃபார்வர்டு சுத்துது, "ஆயில் குடிக்குதா, 20டபிள்யூ50 ஊத்து, கோடு தாண்டி அரை லிட்டர் கூட ஊத்து, ரிங் வேலையே வேணாம்"னு. 20டபிள்யூ50ன்னா கெட்டியான இன்ஜின் ஆயில், கோடுன்னா டிப்ஸ்டிக்ல (ஆயில் அளவு பாக்குற குச்சி) இருக்கிற மேல் கோடு, ரிங்னா பிஸ்டன சுத்தி இருந்து ஆயில் மேல போயி எரியாம தடுக்கிற வளையம். அந்த ஃபார்வர்டு சொல்ற ரெண்டு யோசனையுமே தப்பு.

கெட்டி ஆயில் ஊத்துனா கொஞ்ச நாள் புகை குறையும், அது நெசந்தான், ஆனா தேஞ்ச ரிங் தேஞ்சதுதான, காலைல குளிர்ல ஸ்டார்ட் பண்றப்ப கெட்டி ஆயில் மேல ஏற லேட்டாகும், அந்த நேரத்துல தேய்மானம் இன்னும் ஜாஸ்தி. கோட்டுக்கு மேல ஊத்துறது அதவிட மோசம், கிராங்க் (இன்ஜின் அடில சுத்துற தண்டு) ஆயில அடிச்சு நுரையாக்கும், மேட்டுல வண்டி சாய்றப்ப பிரீதர் பைப் (இன்ஜினுக்குள்ள சேர்ற காத்து வெளிய போற குழாய்) வழியா ஆயில் இன்டேக்குக்குள்ள (இன்ஜின் காத்து இழுக்கிற வழி) போகும். டீசல் இன்ஜின்னா அந்த ஆயிலயே எரிச்சு சாவிய ஆஃப் பண்ணாலும் நிக்காம தானா ரேஸாகலாம், பயங்கரம்.

நம்மாளுங்க பாதி பேரு மூணாறு பக்கம் சூரியநெல்லில ஏத்தத்துல நிறுத்திட்டே டிப்ஸ்டிக் பாக்குறாங்க, அது தப்பாத்தான் காட்டும். சமமான எடத்துல நிறுத்தி, பத்து நிமிசம் விட்டு, தொடச்சு பாருங்க.

அப்புறம் ஏர் ஃபில்டர் ஹோஸ கழட்டி உள்ள விரல வச்சு தடவுங்க. மண்ணு ஒட்டுச்சுன்னா, கிளாம்ப் லூசு, கொழுக்குமலை ரோட்டுப் புழுதி நேரா உள்ள போயி ரிங்க தின்னுருக்கு. ஏத்தத்துல ஆக்சிலேட்டர் மிதிக்கிறப்ப நீலப்புகை வந்தா பெரும்பாலும் ரிங், காலைல ஸ்டார்ட்ல மட்டும் வந்தா பெரும்பாலும் வால்வு சீல் (வால்வு வழியா ஆயில் உள்ள எறங்காம தடுக்கிற ரப்பர்). கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) செக் பண்ணாம இன்ஜின எறக்க விடாதீங்க.