ஓட்டுப் போட்டதோடு எங்கள் வேலை முடிந்ததாம்

சுதந்திர தினத்தன்று எங்கள் கொடைக்கானல் மேல்மலைக் கிராம சபையில் நடந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. இணையத்தில் அந்தக் காணொளியைப் பார்த்து எல்லாரும் சிரித்து, கீழே கருத்தும் எழுதி முடித்துவிட்டீர்கள். குடிநீர்த் தொட்டியின் செலவுக் கணக்கை வாசிக்கச் சொன்ன அத்தையிடம், ஓட்டுப் போட்டதோடு உங்கள் வேலை முடிந்தது என்று மேடையிலிருந்தவர் சொன்னதைவிட, காணொளிக்குக் கீழே அதற்கு நீங்கள் எழுதிய கைதட்டல்தான் என்னைக் குத்தியது.

எந்த ஓட்டு? ஊராட்சிக்கு நாங்கள் கடைசியாக வாக்களித்தது 2019 டிசம்பரில். அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, இப்போது அரசு நியமித்த தனி அலுவலர்தான் நிர்வாகம் பார்க்கிறார். நாங்கள் தேர்ந்தெடுத்தவர் நாற்காலியிலேயே இல்லாதபோது, கேள்வி கேட்பதைத் தவிர எங்களிடம் என்ன மிச்சமிருக்கிறது? வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். அத்தையும்தான்.

இப்படிக் கேள்வி கேட்டால் ஊர்ப் பெயர் கெட்டுச் சுற்றுலா படுத்துவிடும் என்று எழுதியவர்களுக்கு: 2001-இல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகளைக் கண்டு கொடைக்கானல் மக்கள் தெருவில் இறங்கியதால்தான் அங்கிருந்த இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டது, 2003-இல் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது, 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பான உடன்பாடு வந்தது. பதினைந்து ஆண்டுகள் விடாமல் கேட்டதில் கிடைத்தது அது. இதற்கு மேல் அந்த வாதத்துக்குப் பதில் சொல்வதாக இல்லை.

கேள்வி கேட்பதும் மனுக் கொடுப்பதும் வேலைவெட்டி இல்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று எழுதியிருந்தவருக்கு மட்டும் பாதி நியாயம் உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குத் திண்டுக்கல் போக வேண்டுமென்றால் முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டும், அன்றைய கூலி போய்விடும். அப்பா பூண்டுக் காட்டு வேலையை விட்டுவிட்டு, எங்கள் ஊருக்குப் பேருந்து கேட்டு மனுக் கொடுத்து வருவார். கையில் ரசீது மட்டும் மிஞ்சும். சித்தப்பாவே அதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறார். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த மனுக்கள் என்னவாயின என்று கேட்டேன். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும் என்பதால் தந்தார்கள்: வளைவில் சாலை அகலம் போதாதாம். பேருந்தைக் கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது சாலையை. அப்பாவிடம் அதை ஒருவராவது வாய்திறந்து சொல்லியிருக்கலாம்.

என்னை ஏதோ ஒரு கட்சிக்காரன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கட்சி என்பதில் உங்களுக்குள்ளேயே ஒற்றுமையில்லை, அதையாவது பேசி முடிவு செய்யுங்கள். அக்டோபர் 2 அன்று அடுத்த கிராம சபை. அத்தை வருகிறார், நானும் வருகிறேன். கைதட்டியவர்களும் வரலாம், தொட்டிக் கணக்கை அன்றாவது வாசிக்கிறார்களா என்று பார்ப்போம்.